கேளுங்கள், சொல்கிறேன்: பெயர் போடாத இசைத்தட்டு

போன இதழில் ஒரு வாசகர், பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற 12 அங்குல சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்து வெளியிடும் தட்டு) எது என்று கேட்டிருந்தார். "நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே', 1983" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களைப் பார்த்தால், அன்றைக்கே நாலு வரி சேர்த்து எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது. சரி, இந்த முறை முழுக்க அந்தப் பாட்டுதான். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் கிடையாது. ஏன் என்பது சிவகாசிக்காரரின் கேள்விக்கு வரும்போது தெரியும், அதுவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எழுதியதை நம்பி யூடியூபில் போட்டுக் கேட்டேன். ஏழரை நிமிஷம் ஓடுகிறது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆள் குரலே இல்லை, வெறும் தட தட. அப்புறம் ஒருத்தர் தூக்கத்தில் பேசுவது போலப் பாடுகிறார். இதற்கா இவ்வளவு பேர்? (சேலம்)

நீங்கள் குறையாகச் சொன்ன அந்த இரண்டையும்தான் நான் அந்தப் பாட்டில் முதலில் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

இவர்களுக்கு முதலில் பெயர் ஜாய் டிவிஷன். கிட்டார் பெர்னார்ட் சம்னர், பேஸ் கிட்டார் பீட்டர் ஹுக், இரண்டு பேரும் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். டிரம்ஸ் ஸ்டீபன் மாரிஸ். முன்னால் நின்று பாடியவர், வரிகள் எழுதியவர், மேடையில் எல்லாரும் பார்த்த ஆள் இயன் கர்ட்டிஸ். வலிப்பு நோய், மனச்சோர்வு, குடும்பச் சிக்கல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, குழு முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள், 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை, 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். மறுநாள் திங்கட்கிழமை அவர்கள் விமானத்தில் இருந்திருக்க வேண்டும். (பாட்டின் பெயரில் 'மண்டே' இருப்பதை இதோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பெயர் வந்த வழி வேறு. கீழே வரும்.)

மிச்சம் இருந்த மூன்று பேரும் பழைய பெயரை விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். மாரிஸின் தோழி கில்லியன் கில்பர்ட் அந்த வருஷக் கடைசியில் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார். யார் பாடுவது என்பதுதான் பெரிய கேள்வி. மூன்று பேரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அந்த இடம் பொருந்தவில்லை, கடைசியில் அது சம்னர் தலையில் விழுந்தது. அவர் பாடகராக வேண்டும் என்று வந்தவர் இல்லை. இறந்துபோன நண்பன் நின்ற இடத்தில் நின்று, அவனைப் போலப் பாடவும் கூடாது, அவனை மறந்தது போலவும் தெரியக் கூடாது என்றால் குரல் எப்படி வரும்? உணர்ச்சியைக் காட்டாமல், வெளியூருக்குத் தகவல் சொல்வது போல வரும். உங்களுக்குத் தூக்கத்தில் பேசுவதாகக் கேட்பது எனக்கு இப்படித்தான் கேட்கிறது. 'ப்ளூ மண்டே'யில் முன்னால் நிற்க ஆள் இல்லை, அதனால் முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு நாலு பேரும் அதன் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது என் கட்சி. இனி வரும் பதில்களிலும் இதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் வரும் அந்த அடி மனிதன் வாசித்ததா? நான் 15 வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறேன். மெஷின் வாசித்தால் அதை இசை என்று எப்படிச் சொல்வது? (தஞ்சாவூர்)

ஐயா, முதல் பாதிக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 130 அடி. அந்தத் தடதடப்பு ஒவ்வொரு அடியையும் நாலாகப் பிளந்து வருகிறது, அதாவது வினாடிக்கு எட்டுக்கு மேல். உங்கள் விரல்களுக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ஆனால் டிரம் செட்டில் அந்தச் சத்தம் வர வேண்டிய இடம் பாஸ் டிரம், அதை அடிப்பது ஒற்றைக் கால். காலால் இந்த வேகத்தில், ஒரே அழுத்தத்தில், ஏழரை நிமிஷம் என்றால் நடக்காத காரியம். வாசித்தது ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த மெஷினுக்குள் தாளத்தைப் போட்டது டிரம் வாசிப்பவரேதான். தன் வேலையைப் பறிக்க வந்த பெட்டியைத் தானே உட்கார்ந்து பழக்கியவர் மாரிஸ். அப்படிப் பழக்கி வைத்திருந்த முதல் வடிவம் ரொம்பப் பிரமாதமாக அமைந்ததாம், அதற்குள் மாரிஸின் கால் தட்டி மின்சார ஒயர் பிடுங்கிக்கொண்டுவிட்டது, மெஷினில் இருந்த எல்லாம் அழிந்துபோனது, இன்று நாம் கேட்பது நினைவிலிருந்து மறுபடி போட்டது என்று ஹுக் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறார். ஹுக்குக்குக் கதையில் கொஞ்சம் மசாலா சேர்க்கும் வழக்கம் உண்டு, இருந்தாலும் இதை நம்புகிறேன்.

இரண்டாவது பாதி, இது இசையா என்பது. நியூ ஆர்டர்காரர்களுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. கச்சேரி முடிந்தால் முடிந்ததுதான், ரசிகர்கள் தொண்டை கிழிய ஒன்ஸ் மோர் கேட்டாலும் திரும்ப மேடைக்கு வர மாட்டார்கள். அப்போது வந்த யோசனை, ஒரு பொத்தானை அழுத்தினால் தானே ஓடுகிற பாட்டு ஒன்று செய்துவிட்டால் என்ன, மெஷின் ஒன்ஸ் மோர் வாசிக்கட்டும், நாம் பின்னால் போய் உட்காரலாம் என்பது. சோம்பேறித்தனத்தில் பிறந்த பாட்டு என்று சம்னரே பல பேட்டிகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் போட்ட உழைப்பைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கோடு இழுத்து இசை போடுகிற காலம் இல்லை அது. ஒரு கம்பெனியின் மெஷினும் இன்னொரு கம்பெனியின் மெஷினும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்ததே 1983-ல்தான், இவர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்தது 1982-ல். சுரங்களை வரிசையாக நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் பெட்டிக்குச் சீக்வென்சர் என்று பெயர். சம்னர் கடையில் பாகம் பாகமாகக் கிடைத்த ஒன்றை வாங்கி, ராத்திரி ராத்திரியாகத் தானே சாலிடர் வைத்துப் பூட்டினார். அதையும் டிரம் மெஷினையும் ஒரே வேகத்தில் ஓடவைக்க, விஞ்ஞானியான நண்பர் ஒருவர் தனியாக ஒரு சர்க்யூட் செய்துகொடுத்தார். அதற்குப் பிறகும் சுரங்களை ஒவ்வொன்றாகத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். அந்த வேலை கில்பர்ட்டுக்கு. பாட்டு முழுவதையும் காகிதத்தில் எழுதி, தாள்களை ஒன்றோடொன்று டேப் போட்டு ஒட்டி, ஸ்டூடியோ நீளத்துக்குத் தரையில் விரித்துவைத்து, ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கண்ணி எண்ணுவது போல ஒவ்வொரு சுரமாகப் பார்த்துப் போட்டார். நடுவில் ஒரே ஒரு சுரம் விட்டுப்போய்விட்டது.

அந்த ஒன்று விட்டதால் சின்தசைசர் வாசிக்கும் மெட்டு தாளத்தோடு நேராக உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. எடுப்பு தள்ளிப்போவது உங்களுக்குத் தெரியாததா! சமத்தில் எடுக்க வேண்டியது கொஞ்சம் பிசகி விழுந்தால் கேட்கிறவனுக்கு ஒரு சின்ன தவிப்பு வரும் இல்லையா, அதுதான் அங்கே ஏழரை நிமிஷமும் ஓடுகிறது. கேட்டுப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். மெஷின் எண்ணியதில் தப்பே இல்லை. தப்பு பண்ணியது மனுஷி, அதை நல்லது என்று கண்டுகொண்டதும் மனுஷர்கள்தான். எனக்கு அது இசைதான் ஐயா.

ஒரு கொசுறு: 2016-ல் பிபிசிக்காக ஒரு குழு, 1930-களில் இருந்த கருவிகளை மட்டும் வைத்து இந்தப் பாட்டை வாசித்தது. ரம்பத்தை வில்லால் இழுத்து வாசிப்பதெல்லாம் அதில் உண்டு. மெஷினே இல்லாமல் பாட்டு நிற்கிறதா என்று சோதிக்க அதைக் கேளுங்கள். நிற்கிறது.

எங்கிருந்து சுட்டார்கள்? (சென்னை)

நம் ஊரில் இதுதான் முதல் கேள்வியாக வரும் என்று நினைத்தேன், மூன்றாவதாக வந்திருக்கிறது. இவர்கள் ஒளிக்கவே இல்லை. தாளத்தின் சாயல் டோனா சம்மர் பாடி ஜார்ஜியோ மோரோடர் கூட்டணி செய்த ஒரு டிஸ்கோ பாட்டிலிருந்து, பேஸ் ஓடுகிற விதம் சில்வெஸ்டரின் டிஸ்கோவிலிருந்து, பாட்டின் அடுக்கு இத்தாலியிலிருந்து வந்த ஒரு கிளப் தட்டிலிருந்து. நடுநடுவே தேவாலயத்தில் கேட்பது போல ஒரு கோரஸ் வருகிறதே, அது ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1975 ஆல்பத்திலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் (சத்தத்தைப் பிடித்துவைத்துத் திரும்ப வாசிக்கும் மெஷின்) பிடித்தது. (அந்த சாம்ப்ளர் புதிதாக வந்தபோது அதைப் பழகுகிறேன் என்று சம்னரும் மாரிஸும் முதலில் பிடித்த சத்தங்கள் இந்தப் பத்திரிகையில் எழுதக்கூடியவை அல்ல.) ஹுக்கின் பேஸ் மெட்டு எனியோ மோரிகோனியின் கௌபாய்ப் பட இசையைக் கேட்ட பாதிப்பு.

ஹுக் ஏன் பேஸ் கிட்டாரின் மேல் ஸ்தாயியிலேயே வாசிக்கிறார் என்றும் இன்னொரு கடிதம் கேட்கிறது. ஆரம்ப நாட்களில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் மட்டமானது, கீழே வாசித்தால் அவருக்கே கேட்காது, அதனால் மேலே போனார், கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போனது, அப்படியே நிலைத்துவிட்டது. பாட்டில் மனிதக் கை வாசிப்பது பளிச்சென்று தெரிகிற இடம் அதுதான்.

நியூயார்க் கிளப்களில் இவர்கள் ராத்திரி ராத்திரியாகச் சுற்றியதும் ஒரு காரணம். மான்செஸ்டரில் கிட்டார் பிடித்த பையன்களுக்கு டிஸ்கோ என்றால் இளப்பம். இவர்கள் கூச்சப்படாமல் அதை எடுத்துக்கொண்டு, மான்செஸ்டரின் மழையையும் சேர்த்துக் கலக்கினார்கள்.

நான் 30 வருஷம் ஆஃப்செட் அச்சகம் நடத்தியவன். இந்தத் தட்டின் அட்டையை டை கட்டிங் செய்ததால் (கருவி வைத்துத் துளை வெட்டியதால்) விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் என்று எங்கோ படித்தேன். அட்டையால் ஒரு கம்பெனி நஷ்டப்படுமா? (சிவகாசி)

ஐயா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது.

அட்டையைச் செய்தவர் பீட்டர் சேவில், நியூ ஆர்டரின் தட்டுகளை வெளியிட்ட ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர். குழுவைப் பார்க்கப் போன இடத்தில் சாம்ப்ளரில் போடும் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்று கிடந்தது. (சின்னப் பிள்ளைகளுக்கு: கம்ப்யூட்டரில் சேவ் பொத்தானில் வரும் படம் இதன் தம்பி.) கறுப்பாக, நடுவில் வட்டத் துளை, கீழே நீள் துளை, அழகாக இருக்கிறதே, நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பாட்டின் கேசட்டைக் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே லண்டன் திரும்பினார். பாட்டே மெஷின், அப்புறம் அட்டையில் மூஞ்சி எதற்கு? 12 அங்குல அட்டை முழுவதையும் ஒரு பெரிய ஃபிளாப்பியாக ஆக்கிவிட்டார். துளைகள் நிஜமாகவே வெட்டப்பட்டவை, உள்ளே இருக்கும் வெள்ளி நிற உறை அவற்றின் வழியே தெரியும்.

அட்டையில் குழுவின் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை. ஓரத்தில் மேலிருந்து கீழாக வண்ணக் கட்டங்கள் மட்டும். ஒவ்வொரு கட்டமும் ஓர் எழுத்து அல்லது எண், அதைப் படிக்கத் தெரிந்தால் குழு, பாட்டு, மறுபக்கப் பாட்டான 'தி பீச்', தட்டின் எண் ஃபாக் 73, எல்லாம் அங்கேயே இருக்கிறது. படிக்கும் சாவி எங்கே என்றால், அவர்களுடைய 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' ஆல்பத்தின் பின் அட்டையில் ஒரு வண்ணச் சக்கரமாக. சிங்கிள் வந்தது 1983 மார்ச் 7. ஆல்பம் வந்தது மே மாதம். இரண்டு மாசம், பூட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்! இதைப் படித்ததிலிருந்துதான் இந்த இதழில் உங்கள் பெயர்களையும் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வண்ணக் கட்டம் போடச் சொன்னேன், ஆசிரியர் முறைத்தார்.

இனி நஷ்டக் கணக்கு. கருவி செய்து, அச்சடித்து, வெட்டி, ஒட்டி, தனியாக உள்ளுறை போட்டு என்றால் செலவு எப்படி ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபாக்டரியை நடத்திய டோனி வில்சன் டெலிவிஷன்காரர், கணக்கில் மன்னன் என்று அவருடைய நண்பர்கள்கூடச் சொன்னதில்லை. இந்தத் தட்டு இவ்வளவு விற்கும் என்று யாரும் நினைக்கவில்லை, கொஞ்சம் போடுவோம், அழகாகப் போடுவோம் என்றுதான் இறங்கினார்கள். விற்ற விலையைவிடச் செய்த செலவு சில பென்ஸ் கூட என்பது கதை. அந்தச் சில பென்ஸ் எத்தனை என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும், ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 10 என்பார். என் முடிவு, முதல் பதிப்புகளுக்குக் கதை பொருந்தும். பின்னால் வந்த பதிப்புகளில் துளை வெட்டுவதை நிறுத்தி, அச்சிலேயே துளை போலக் காட்டிவிட்டார்கள், அங்கே நஷ்டத்துக்கு வழியில்லை. ஆனால் நல்ல கதை சந்தையில் நஷ்டமே படாது என்பதால் 'ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம்' என்பதே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஒரு கூத்து. மறுவெளியீடுகளையும் சேர்த்தால் பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, இவ்வளவு விற்றால் விருதாக ஒரு தட்டு கொடுப்பார்கள், கொடுக்கவில்லை. அதைக் கொடுக்கிற சங்கத்தில் ஃபாக்டரி உறுப்பினராகவே சேரவில்லை.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு இல்லையே, ஏன்? (திருச்சி)

பிரிட்டனில் வந்த தட்டில் இல்லை, வேறு சில பதிப்புகளில் சேர்த்தார்கள். சிங்கிள் வாங்கியவனையே ஆல்பத்தில் அதே பாட்டுக்கு மறுபடி காசு கொடுக்க வைக்கக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். தலையே போனாலும் பெரிய ஹிட்டை ஆல்பத்தில் முதல் பாட்டாக வைக்கிற நம் காலத்துக்கு இது புரியாது.

ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமையை 'ப்ளூ மண்டே' என்கிறார்களே, இந்தப் பாட்டால் வந்த பெயரா? (கோலாலம்பூர்)

இல்லை. வருஷத்தின் சோகமான நாள் என்று அதைக் கிளப்பிவிட்டது 2005-ல் பிரிட்டனில் ஒரு சுற்றுலா சேனலின் விளம்பர வேலை. அதற்கு ஒரு சூத்திரம் வேறு போட்டார்கள், ஆராய்ச்சி என்று நம்பிவிடாதீர்கள்.

பாட்டுக்குப் பெயர் வந்தது அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகெட்டின் நாவல் ஒன்றின் துணைத் தலைப்பிலிருந்து, மாரிஸ் அப்போது அதைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நாவலில் 'குட்பை ப்ளூ மண்டே' என்பது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் விளம்பர வாசகம். அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். மெஷின் வந்துவிட்டது, இனி உனக்கு வேலை இல்லை, போய் உட்கார் என்பதுதான் வாசகத்தின் பொருள். ஒன்ஸ் மோருக்கு மெஷினை வாசிக்க விட்டுவிட்டு உட்காரப் போனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது, தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ. பாட்டின் வரிகளில் 'ப்ளூ'வும் இல்லை, 'மண்டே'யும் இல்லை. வெளியான நாள் மட்டும் திங்கட்கிழமை, ஆனால் பிரிட்டனில் அப்போது பல சிங்கிள்கள் திங்கட்கிழமையில் வரும்.

வரிகளின் அர்த்தம் என்ன? துறைமுகம், கப்பல், கடற்கரை என்று வருகிறது. 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து போரைப் பற்றிய பாட்டு என்கிறான் என் அறைத் தோழன். (கோவை)

தோழரிடம் சொல்லுங்கள், மறுபக்கப் பாட்டுக்கு 'கடற்கரை' என்று பெயர் வைத்ததையும் சேர்த்துக்கொண்டால் அவர் வாதம் இன்னும் பலமாக இருக்கும் என்று. நான் போருக்குப் போகவில்லை. ஒருவன் தன்னை மோசமாக நடத்திய ஒருவரிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறான், அந்த ஒருவர் காதலியா, நண்பனா, செத்துப்போனவனா என்று பாட்டு சொல்வதே இல்லை. இந்த விஷயத்தில் சம்னரின் வரிகள் கர்ட்டிஸின் வரிகளுக்குப் பக்கத்தில் நிற்காது, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆனால் இந்தத் தாளத்தின் மேல் கர்ட்டிஸின் கனமான வரிகளைப் போட்டிருந்தால் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பேண்டுக்குக் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ஊரில் ஒரு சின்ன கஃபே மாதிரி திறந்து, அங்கேயே வாசிக்கலாம் என்று பேச்சு. உங்கள் கருத்து? (புதுச்சேரி)

தம்பி, பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்று ஒதுக்க நினைத்தேன், அப்புறம் பார்த்தால் இது அந்தப் பாட்டைப் பற்றியதேதான்.

1982 மே மாதம் மான்செஸ்டர் விட்வொர்த் தெருவில் ஹசியெண்டா என்று ஒரு நடன கிளப் திறந்தார்கள். படகு விற்கும் ஷோரூமாக இருந்த கட்டிடம். பணம் போட்டது ஃபாக்டரியும் நியூ ஆர்டரும். ஃபாக்டரியில் தட்டுகளுக்கு மட்டுமில்லாமல் எல்லாவற்றுக்கும் எண் கொடுப்பார்கள், கிளப்புக்கு 51, அங்கே வளர்ந்த பூனைக்கு 191. (டோனி வில்சன் 2007-ல் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு 501.) அத்தனை பெரிய இடம், முதல் சில வருஷம் பல ராத்திரி காலியாகக் கிடந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'ப்ளூ மண்டே' போன்ற தட்டுகளில் வந்த காசு போனது. எண்பதுகளின் கடைசியில் கூட்டம் பொங்கி வழிந்தபோதும் கணக்கு தேறவில்லை, வந்தவர்கள் குடித்தது தண்ணீர், உண்டது போதை மாத்திரை, மாத்திரைக் காசு பாருக்கு வராது அல்லவா, வாசலில் ரவுடிகள் வேறு. ஃபாக்டரி 1992-ல் திவால். கிளப் 1997-ல் மூடியது. இப்போது அங்கே அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு.

இடிக்கும் முன்னால் நடன மேடையின் பலகையைக்கூடப் பிரித்து விற்றார்கள். அந்தப் பலகையில் ஹுக் சில பேஸ் கிட்டார்கள் செய்து வைத்துக்கொண்டார். போட்ட பணத்துக்குக் கையில் மிஞ்சிய மரம்.

ஆனால் அந்த கிளப் இல்லையென்றால் இந்தப் பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டு ஆட ஊரில் ஓர் இடம் இருந்திருக்காது, அதற்கப்புறம் மான்செஸ்டரிலிருந்து வந்த பாதி இசை வந்திருக்காது. கஃபே திறங்கள். கணக்கு எழுத மட்டும் பேண்டில் இல்லாத ஒருவரை வையுங்கள்.

எந்த வடிவத்தைக் கேட்க வேண்டும்? பத்துப் பதினைந்து இருக்கிறதே. (ஈரோடு)

1983 மூலம். ஏழரை நிமிஷமும். 1988-ல் குவின்சி ஜோன்ஸ் மேற்பார்வையில் வந்த ரீமிக்ஸ் பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது, மூலம் போனது 9 வரைதான், அதுவும் வந்து ஏழு மாதம் கழித்து அக்டோபரில். இருந்தாலும் ரீமிக்ஸில் சுருக்கி, மினுக்கி, எல்லாக் கூச்சத்தையும் துடைத்துவிட்டார்கள். ஆர்ஜி என்ற அமெரிக்கக் குழு 1998-ல் கிட்டார் இரைச்சலோடு செய்தது ஒரு தடவை கேட்கலாம். 2002 பிரிட் விருது மேடையில் கைலி மினோக் தன் பாட்டை இதன் தாளத்தின் மேல் வைத்துப் பாடியதைத் தேடிப் பாருங்கள், அது சுகம்.

பார்க்க வேண்டிய இன்னொன்று, 1983 மார்ச் 31 பிபிசி டிவியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பாட்டு நிகழ்ச்சி. அந்த மேடைக்கு வருகிறவர்கள் பின்னணியில் தட்டை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மெஷினை நம்பிப் பாட்டே செய்த இந்தப் பிடிவாதக்காரர்கள் மட்டும், நாங்கள் நேரடியாகத்தான் வாசிப்போம் என்று நின்றார்கள். தடுமாறித்தான் போனது. சம்னர் முகத்தைப் பாருங்கள், நாடு முழுக்கப் பார்க்கிற நேரத்தில் அந்த மனிதர் எங்காவது ஒளிந்துகொள்ள இடம் தேடுவது போலவே இருக்கும்.

மொபைலில் கேட்டால் போதுமா? நீங்கள் முதலில் எதில் கேட்டீர்கள்? (நாகர்கோவில்)

மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம் அம்மா, அந்த பாஸ் டிரம் அதில் கேட்காது, அது போனால் பாதிப் பாட்டு போச்சு. இதை 12 அங்குலத்தில் மட்டும் வெளியிட்டதற்கே அதுதான் காரணம். சின்ன 7 அங்குலத் தட்டில் இவ்வளவு நேரத்தை அடைத்தால் வரிப்பள்ளங்கள் நெருக்கமாகி அடிச்சத்தம் சுருங்கிப்போகும். நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

நான் கேட்டது கேசட்டில். அப்போதெல்லாம் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் கடையில் பதிவு செய்து தருவார்கள். நண்பனின் அண்ணன் எழுதிக் கொடுத்த பட்டியலில் கடைசிப் பாட்டு இது. கடைக்காரர் நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை, ஏழரை நிமிஷப் பாட்டு இருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார், ஐந்தாவது நிமிஷத்தில் டேப் தீர்ந்து டக்கென்று பொத்தான் மேலே எழும்பிவிடும். பாட்டு அங்கேதான் முடிகிறது என்று ஏழெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் முழுசாகக் கேட்டபோது அந்த இடம் வந்ததும் கை தன்னால் கேசட்டைத் திருப்பிப் போடப் போனது.